வீடு கட்டும் மானியம் எங்களுக்கு வராது என்கிறார்கள். உதவி தேவை, அவசரம்

கீழத்தெரு:
வணக்கம். அம்மா பெயரில் வீடு கட்ட அரசுப் பணத்துக்கு எழுதிக் கொடுத்தோம். "இந்தத் திட்டம் உங்களுக்கு வராது" என்று திருப்பிவிட்டார்கள். பக்கத்துத் தெருவில் சிலருக்குக் கிடைத்து, வீடே கட்டி முடித்துவிட்டார்கள். எங்களுடையது ஓலைக்கூரை. மழைக்கு முன்னால் ஏதாவது செய்தாக வேண்டும். யாரைப் பார்ப்பது?

மேஸ்திரி:
எந்த மாவட்டம் தம்பி? எந்தத் திட்டம்? மனை யார் பெயரில் இருக்கிறது?

வல்லம்_ராணி:
பட்டா இருக்கிறதா, புறம்போக்கா? புறம்போக்கு என்றால், பட்டா வாங்காதவரை மாநில அரசின் கனவு இல்லம் திட்டம் கிடைக்காது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அதனால்தான் நின்றுபோனது. உங்களுக்கும் அதுவாகத்தான் இருக்கும்.

நிலவரி:
விவரம் தராமல் உதவி கேட்பது இங்கே வழக்கமாகிவிட்டது. எத்தனை முறை எழுதினாலும் யாரும் படிப்பதில்லை. மறுபடி சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். கலைஞரின் கனவு இல்லம் கிராம ஊராட்சிகளுக்கு மட்டும். குடிசையில் இருப்பவருக்கு 360 சதுர அடி வீடு, 3.5 லட்சம் ரூபாய். நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவு. அதில் 2024இல் தொடங்கிய 2.0தான் இப்போது நடப்பு. உங்கள் ஊர் எதில் வருகிறது என்பதே தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

கீழத்தெரு:
திருவள்ளூர் மாவட்டம். ஊராட்சியாகத்தான் இருந்தது, இப்போது நகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். பட்டா இருக்கிறது.

மேஸ்திரி:
அப்படியானால் விஷயம் அதுதான். பக்கத்துத் தெருக்காரர்கள் ஊராட்சியாக இருந்தபோதே உத்தரவு வாங்கியிருப்பார்கள். நீங்கள் நகராட்சியில் புதிதாக விண்ணப்பியுங்கள், தானே கட்டிக்கொள்ளும் பிரிவில். மத்திய அரசு 1.5 லட்சம், மாநிலம் குறைந்தது 1 லட்சம். மொத்தமாகக் கைக்கு வராது. வேலை நடக்க நடக்கப் படம் எடுத்து ஏற்றிய பிறகுதான் அடுத்த தவணை. பேஸ்மட்டத்துக்கு உங்கள் கைக்காசு இல்லாமல் ஆரம்பித்தால் கம்பி துருப்பிடித்து நிற்கும். அப்படி நின்ற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

வல்லம்_ராணி:
ஊர் எல்லை மாறியதும் ஏழைக்கு 3.5 லட்சம் 2.5 ஆகிறது. சிமெண்ட் விலை என்ன குறைந்தா போனது?

தெற்குவாசல்:
எதற்கு இந்த அலைச்சல்? குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் ஒரு வீடு கேட்டுப் பாருங்கள். மனை, மேஸ்திரி ஒன்றும் தேவையில்லை.

சோழிங்கநல்லூர்வாசி:
தெற்குவாசல் அண்ணா, சென்னைக்குத் தெற்கே வாரியம் கட்டிய பெரும்பாக்கம் பக்கம் வந்து பார்த்துவிட்டு அதைச் சொல்லுங்கள். நகரத்து நடுவில் வீட்டு வேலை, மீன் வியாபாரம் செய்தவர்களை எட்டு மாடிக்கு அனுப்பிவிட்டு, பஸ்ஸுக்கும் பள்ளிக்கும் பிறகுதான் யோசித்தார்கள். 2000இல் கண்ணகி நகரில் நடந்ததும் அதுதான். சொந்த மனையில் நிற்கும் ஓலை வீட்டை விட்டு அங்கே போகச் சொல்லாதீர்கள்.

தெற்குவாசல்:
மழை ஒழுகாத வீடு கிடைத்ததே, அது பெரிது இல்லையா? கூவம் கரையிலேயே இருந்திருக்க வேண்டுமா?

சோழிங்கநல்லூர்வாசி:
கரையிலேயே இருக்கச் சொல்லவில்லை. பிழைப்பு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கட்டுங்கள் என்கிறேன். வாரியத்துக்கு 2021இல் வைத்த பெயரில் 'வாழ்விடம்' இருக்கிறது. பிழைப்பு இல்லாத இடம் எப்படி வாழ்விடம் ஆகும்?

நிலவரி:
இருவரும் தனி இழை தொடங்குங்கள். கீழத்தெரு, பட்டா இருக்கிறது என்றீர்கள், யார் பெயரில் என்று இன்னும் சொல்லவில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். குடும்பத்தில் யார் பெயரிலும் நாட்டில் எங்கும் நிரந்தர வீடு இருக்கக் கூடாது.

கீழத்தெரு:
பட்டா அப்பா பெயரில். அப்பா இல்லை.

மேஸ்திரி:
அதைச் சரிசெய்யாமல் நகராட்சிக்குப் போனாலும் திருப்பிவிடுவார்கள் தம்பி. இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள், தாசில்தார் தருவார். அதை வைத்துப் பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றுங்கள். கூடவே வருமானச் சான்றிதழும் வாங்கிவிடுங்கள். இந்த மழைக்கு வீடு எழும்பாது, கூரைக்குத் தார்ப்பாய் போட்டுவிடுங்கள்.

கீழத்தெரு:
வாரிசுச் சான்றிதழ் வந்துவிட்டது. பட்டா மாற்றத்துக்குக் கொடுத்திருக்கிறோம். நன்றி மேஸ்திரி அண்ணா, நிலவரி சார்.