வீட்டு எண்ணில் உள்ள # குறி இணைப்பைப் பாதியில் வெட்டிவிடுகிறது: எப்படிச் சரிசெய்வது?

தூக்குச்சட்டி (பெங்களூரு) கேட்டது:

வணக்கம். ஜீவன் பீமா நகரில் என் அத்தை நடத்தும் மதியச் சாப்பாட்டுச் சேவைக்கு ஓர் இணையதளம் எழுதித் தருகிறேன். ஆர்டர் பதிவானதும் டெலிவரி செய்பவரின் கைபேசிக்கு ஓர் இணைப்பு போகும். முகவரி, தொலைபேசி எண், 'கொத்தமல்லி வேண்டாம்' போன்ற குறிப்பு எல்லாம் கேள்விக்குறிக்குப் பின்னால் குவரி பாராமீட்டர்களாக, அதாவது 'பெயர்=மதிப்பு' என்ற இணைகளாக இருக்கும். ஜாவாஸ்கிரிப்டில் எல்லாவற்றையும் ஒட்டி ஒரே சரமாக்கி, கடைசியில் 'என்கோட் யுஆர்ஐ' என்ற செயற்கூறால் குறியாக்கி (இணைப்பில் வரக்கூடாத எழுத்துகளை % கொண்ட குறியீடுகளாக மாற்றி) அனுப்புகிறேன்.

தமிழும் இடைவெளிகளும் ஒழுங்காகப் போய்ச் சேருகின்றன. ஆனால் இந்த ஊரில் வீட்டு எண்ணை '#27' என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். அந்த ஆர்டர்களில் முகவரியும் வருவதில்லை, அதற்குப் பின்னால் உள்ள எதுவும் வருவதில்லை. '4ஆவது மெயின் & 5ஆவது கிராஸ்' என்று இருந்தால் 4ஆவது மெயினோடு நின்றுவிடுகிறது. +91இல் கூட்டல் குறி காணாமல் போகிறது. இந்தக் குறிகளை எல்லாம் முன்கூட்டியே நீக்கிவிடலாமா?

பானஸ்வாடிக்காரர்:

நீக்காதீர்கள், தம்பி. வாடிக்கையாளர் தன் வீட்டை எப்படி எழுதினாரோ அப்படியேதான் டெலிவரிக்குப் போகிறவருக்குத் தெரிய வேண்டும். '4ஆவது மெயின் 5ஆவது கிராஸ்' என்று எழுதுவதும் நடுவில் & போட்டு எழுதுவதும் ஒன்றல்ல; இரண்டாவது ஒரு முக்கு. வெயிலில் வண்டியோடு நிற்கிறவருக்கு அந்த ஒரு குறி முக்கியம்.

# குறிக்குப் பிறகு வருவதை பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதே இல்லை. & வந்தால் அடுத்த பாராமீட்டர் தொடங்குகிறது என்று பொருள். + பெரும்பாலான சர்வர்களில் இடைவெளியாகப் படிக்கப்படும். 'என்கோட் யுஆர்ஐ' முழு இணைப்புக்காக உருவானது. ஒட்டி முடித்த சரத்தில் ஒரு & இணைப்பின் உறுப்பா, முகவரியின் எழுத்தா என்று அதற்குத் தெரிய வழியில்லை. ஆகவே #, &, +, = நான்கையும் தொடாமல் விட்டுவிடும்.

ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு மதிப்பையும் தனித்தனியாகக் குறியாக்குங்கள். இணைய முகவரிகளுக்கான தரநிலையாக 2005இல் வந்த ஆர்எஃப்சி 3986 சொல்வதும் இதுதான்: உறுப்புகளைச் சேர்த்து முகவரி அமைக்கும்போதே குறியாக்கம் நடக்க வேண்டும், ஒரே சரத்தை இருமுறை குறியாக்கக் கூடாது. இருமுறை செய்தால் இடைவெளிக்கு வரும் %20, %2520 ஆகிவிடும். கையால் செய்வதானால் 'என்கோட் யுஆர்ஐ காம்பொனென்ட்' போதும்; # அங்கே %23 ஆகும், & %26 ஆகும். நான் அதைக்கூடப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு 'யுஆர்எல்' பொருளை உருவாக்கி, அதன் 'சர்ச் பாராம்ஸ்' மீது 'செட்' அழைத்து ஒவ்வொன்றாகச் சேருங்கள். கேள்விக்குறி எங்கே, & எங்கே என்ற கவலையே உங்களுக்கு வராது. அது இடைவெளியை + என்று எழுதும், உண்மையான கூட்டல் குறியைத் தனியாகக் குறியாக்கிவிடும், மிரள வேண்டாம்.

சில ஆர்டர்களில் குறிப்பே இருக்காது அல்லவா? அந்த மதிப்பை அப்படியே கொடுத்தால், மதிப்பு இல்லை என்பதற்கு ஜாவாஸ்கிரிப்ட் வைத்திருக்கும் 'அன்டிஃபைன்ட்' என்ற சொல்லே குறிப்பாகப் போய்ச் சேரும். இல்லாததைச் சேர்க்காமல் விடுங்கள். ஆனால் 'மதிப்பு உண்மையா' என்று மட்டும் சோதித்தால் தரைத்தளத்துக்கு நீங்கள் போடும் 0 என்ற எண்ணும் பொய்யாகக் கருதப்பட்டு விழுந்துவிடும். 'நல்' (வெற்று மதிப்பு), 'அன்டிஃபைன்ட்' இரண்டையும் பெயர் சொல்லியே சோதியுங்கள். பல உணவுகள் இருந்தால் 'செட்' வேண்டாம், முந்தையதை அழித்துவிடும், 'அப்பென்ட்' அழையுங்கள். சர்வரில் பைத்தான் கட்டமைப்புகளான ஃபிளாஸ்க்கோ ஜாங்கோவோ இருந்தால் 'கெட்லிஸ்ட்' அத்தனையையும் எடுத்துத் தரும்.

அல்சூர் வாசகி:

மேலே சொன்னது அத்தனையும் சரி. எனக்கு வேறு கவலை. ஒரு பெண் தனியாக இருக்கும் வீட்டின் முகவரியும் எண்ணும் ஏன் இணைப்பில் போக வேண்டும்? கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளது பிரவுசர் வரலாற்றில் தங்கும், சர்வரின் பதிவுக் கோப்புகளில் தங்கும், இணைப்பை யாராவது ஃபார்வர்ட் செய்தால் அவர்களுக்கும் போகும். எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு முறை, தகவல் பயணிக்கும் வழியில்தான் காக்கும், இரு முனைகளில் பதிவாவதைத் தடுக்காது. ஆர்டரைக் குறிக்கும், ஊகிக்க முடியாத ஒரு நீண்ட எழுத்துத் தொடரை அடையாளமாக வைத்து அதை மட்டும் அனுப்புங்கள். சாப்பாடு சேர்ந்ததும் அது செல்லாமல் போகட்டும். 1041, 1042 என்று வரிசை எண் வேண்டவே வேண்டாம், எண்ணை மாற்றி அடுத்த வீட்டைப் பார்த்துவிடலாம்.

தூக்குச்சட்டி:

அடையாளத்துக்கு மாற்றிவிட்டேன், அக்கா. சமையலறைப் பட்டியலை வடிகட்டும் பக்கத்தில் மட்டும் இன்னும் குவரி பாராமீட்டர் இருக்கிறது. அண்ணன் சொன்னபடி எழுதியதும் #, & எல்லாம் சரியாக வருகின்றன. ஆனால் 'கொத்தமல்லி' என்று தேடினால் சில ஆர்டர்கள் மட்டும் விடுபடுகின்றன. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன.

பானஸ்வாடிக்காரர்:

கணினி எழுத்துகளுக்கு எண் தரும் தரநிலையான யூனிகோடில் 'கொ'வின் உயிர்க்குறி இரண்டு விதமாகப் பதிவாகலாம்: ஒரே குறியீடாக, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்று, பைட்டுகள் வேறு. கோ, கௌ வரிசைகளுக்கும் இதே நிலைதான். ஆர்டரைச் சேமிக்கும்போது ஒருமுறை, தேடும் சொல்லைப் பாராமீட்டரில் வைக்கும் முன் ஒருமுறை, 'நார்மலைஸ்' அழைத்து, ஒரே குறியீடாகச் சேர்த்து எழுதும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். ஏற்கெனவே சேமித்த ஆர்டர்களையும் ஒருமுறை ஓட்டி மாற்ற வேண்டும்.

நீளத்தையும் கவனியுங்கள். யூனிகோடை பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்; ஒரு பைட் இணைப்பில் %E0 போல மூன்று எழுத்து, ஆக ஒன்பது எழுத்து. 'கொத்தமல்லி' ஒன்றே 90 எழுத்து பிடிக்கும். கூகுள் மேப்ஸ் இணைப்புக்கு 2,048 எழுத்து வரம்பு உண்டு. முகவரியைத் தமிழில் அங்கே அனுப்பினால் வழி சொல்லும் நீண்ட குறிப்புகளைச் சேர்க்காமல், வீட்டு எண்ணும் தெருவும் பகுதியும் மட்டும் வையுங்கள்.