ஊசி போட்ட மூன்றாம் நாள் இரவு

மாடித்தோட்டம்:
எனக்கு இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி. அறுவைச் சிகிச்சைக்கு முன்பே கீமோ தொடங்கிவிட்டார்கள். வார்டில் எல்லோரும் ‘சிவப்பு மருந்து’ என்று சொல்லும் டாக்சோரூபிசின் ஏறிய அன்று சிறுநீர் சிவந்து போனது. முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. யாரும் சொல்லாமல் விட்ட ஒன்றுதான் என்னை ஆட்டிவைத்தது.

இரண்டாம் சுற்று முடிந்த மறுநாள், கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் ஏறுவதற்கென்று வயிற்றில் ஓர் ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு இடுப்பெலும்பும் நெஞ்செலும்பும் உள்ளேயிருந்து உலக்கை போட்டு இடிப்பதுபோல் தெறித்தன. புற்றுநோய் எலும்புக்குப் போய்விட்டது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். அவரை எழுப்பவில்லை. கூடத்தில் உட்கார்ந்து, பீரோ சாவி எங்கே, சின்னவளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எந்தச் சீட்டை எடுப்பது என்றெல்லாம் நாள்காட்டித் தாளின் பின்புறம் எழுதினேன். இப்போது சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை.

விடிந்ததும் மருத்துவமனைக்குத் தொலைபேசினேன். செவிலியர் கேட்ட முதல் கேள்வி, “ஊசி போட்டு எத்தனை நாளாகிறதும்மா?” வெள்ளை அணுக்கள் எலும்பு மஜ்ஜையில்தான் உருவாகின்றன, ஊசி அதை விரட்டி வேலை வாங்கும்போது, மஜ்ஜை நிறைந்த இடுப்பு, முதுகு, நெஞ்செலும்புகள் வலிக்குமாம். டாக்டரைக் கேட்டுவிட்டுப் பாராசிட்டமால் போடச் சொன்னார். ஆனால் முதலில் காய்ச்சல் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும், மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும் என்றார். நான்கு நாளில் வலி போய்விட்டது. மூன்றாம் சுற்றிலும் வட்டிக்காரன் மாதிரி அதே நாளில் வந்து நின்றது. “வா” என்றேன்.

ஓய்வுபெற்ற டீச்சர்:
அந்தச் செவிலியர் சொன்னதை நான் கேட்காமல் கெட்டேன். கீமோ முடிந்து பத்தாம் நாள் 101 டிகிரி. வீட்டில் மருமகளுக்கு வளைகாப்பு. ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, நாத்தனார் காய்ச்சிய நிலவேம்புக் கஷாயத்தையும் குடித்துவிட்டு, பட்டுப்புடவையில் வளையல் அடுக்கிக்கொண்டிருந்தேன். மாலையில் பல் கிட்டும் நடுக்கம். வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருந்தன. ஐந்து நாள் படுக்கையில் ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள். கீமோ காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நேரம் பார்க்காமல் கிளம்ப வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. பிள்ளைகளுக்கு நாற்பது வருடம் பாடம் நடத்திய நான் அதைப் படிக்கவில்லை! இப்போது தெர்மாமீட்டர் உறையிலேயே அந்த எண்ணை எழுதி வைத்திருக்கிறேன்.

காவிரிக்கரை:
எல்லோருக்கும் இப்படியே முடிவதில்லை என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். எனக்குச் சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் கழித்து நடுமுதுகில் வலி. வந்து போகிற வலியல்ல; மூன்று வாரமாகியும் குறையவில்லை, படுத்தால் கூடியது. பாத்திரம் தூக்கியதால் பிடித்துக்கொண்டது என்று தைலம் தேய்த்தேன். பிறகு எடுத்த ஸ்கேனில் முதுகெலும்பில் புற்றுநோய் பரவிய ஓர் இடம் தெரிந்தது. அன்று அழுததை எழுத விருப்பமில்லை. கதிர்வீச்சு கொடுத்தார்கள், மாத்திரையும் எலும்புக்கான ஊசியும் தொடர்கின்றன. நேற்று மாவு அரைத்தேன். கால் மரத்து வலுவிழந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது என்று டாக்டர் என் மகனிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். அவன் என்னிடம் சொல்லவில்லை. கதவோரம் நின்று கேட்டுக்கொண்டேன்.

மாடித்தோட்டம்:
காவிரிக்கரை அக்கா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். இனி வலி வந்தால் எந்த நாள், எந்த இடம், படுத்தால் கூடுகிறதா என்று நாள்காட்டித் தாளில் குறித்துக்கொண்டு அப்படியே டாக்டரிடம் நீட்டிவிடுவேன். நாளை நான்காம் சுற்று. தெர்மாமீட்டருக்குப் புது பேட்டரி வாங்கிவர அவரைக் கடைக்கு அனுப்பியிருக்கிறேன்.