மறுமொழி: ஹெச்.பி.வி. – ‘மரு நச்சுயிரி’ என்ற சொல் குறித்து

அன்புடையீர்,

கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ‘ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்’ எனும் ஹெச்.பி.வி.க்கு ‘மரு நச்சுயிரி’ என்ற சொல்லைச் சென்ற மடலில் முன்மொழிந்திருந்தீர்கள். அது சுருக்கமானது, ‘மரு’ மக்கள் வழக்கில் உள்ள சொல் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால், கடலூர்ப் பகுதிப் பள்ளி மாணவியரின் பெற்றோருக்காக ஹெச்.பி.வி. தடுப்பூசி பற்றி நாம் எழுதிவரும் விளக்கத் தாளில் அச்சொல் இடம்பெறுவதை என்னால் ஏற்க இயலவில்லை.

இந்த நச்சுயிரியில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பிறப்புறுப்பு மருக்களில் பெரும்பாலானவற்றுக்கு 6, 11 ஆகிய வகைகள் காரணம். கருப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணமான 16, 18 ஆகிய வகைகளோ, கண்ணுக்குத் தெரியும் மரு எதையும் பொதுவாக உண்டாக்காமல் உள்ளே தங்கியிருந்து, பல ஆண்டுகள் கழித்தே புற்றை உண்டாக்குகின்றன. ஆக, எந்த வகைகளை நாம் பெரிதும் அஞ்ச வேண்டுமோ அவற்றை ‘மரு’ என்ற சொல் மறைத்துவிடுகிறது. தேவனாம்பட்டினத்தில் ஒரு தாயாரிடம் மாதிரித் தாளைக் கொடுத்தபோது, அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து, “எம் பொண்ணுக்கு மரு ஒண்ணும் இல்லீங்களே, எதுக்கு ஊசி?” என்று கேட்டார். அந்தத் தாளைப் படிக்கும் எவருக்கும் அதே கேள்விதான் எழும்.

எனவே தாளின் தலைப்பில் ‘கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி’ என்றே இருக்கட்டும். இதே நச்சுயிரி ஆண்களுக்கும் தொண்டைப் புற்று போன்றவற்றை உண்டாக்கும் என்பதால் இப்பெயர் முழுமையானதன்று. எனினும் 9 முதல் 14 வயது வரையுள்ள பெண் பிள்ளைகளுக்கே உலக நலவாழ்வு அமைப்பு முதலிடம் தருவதால், இத்தாளுக்கு இது பொருந்தும். அடுத்த வரியில் ‘ஹெச்.பி.வி. தடுப்பூசி’ என்று சேர்ப்போம்; செவிலியரும் மருந்துக் கடைக்காரரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

கலைச்சொல் பட்டியலுக்கு ‘மனித அரும்புக்கட்டி நச்சுயிரி’ என்பதை முன்வைக்கிறேன். ‘பாப்பிலோமா’ என்ற பெயரின் வேரான ‘பாப்பில்லா’ என்பது சிறு காம்பு போன்ற முகிழ்ப்பு. நாவின் ‘சுவை அரும்பு’ முன்பே வழக்கில் இருப்பதால் இச்சொல் அயலாகத் தோன்றாது. மாட்டுக்கும் முயலுக்கும் வேறு வகைகள் இருப்பதால் ‘மனித’ என்ற அடையை விடலாகாது.

என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்வது பட்டியலில் ‘நச்சுயிரி போன்ற துகள்’ என்ற பொருளில் உள்ள ‘நச்சுயிரிப் போலித் துகள்’ என்ற சொல். இத்தடுப்பூசியில் முழு நச்சுயிரி இல்லை; அதன் புறப்புரதம் தானாகச் சேர்ந்து அமையும் கூடு மட்டுமே உள்ளது. உள்ளே மரபுப்பொருள் இல்லாததால் அது நோயை உண்டாக்க வழியே இல்லை. பெற்றோருக்குப் பெரும் ஆறுதல் தரவேண்டிய இச்செய்தியில் ‘போலி’ என்ற சொல் வந்தால், போலி மருந்து என்றே படிப்பார்கள். ‘வெற்றுறைத் துகள்’ என்று முதலில் எண்ணினேன்; பாலுறவால் பரவும் நச்சுயிரி பற்றிய தாளில் ‘உறை’ என்பது ஆணுறையை நினைவூட்டும். ஆகவே ‘வெற்றுக்கூட்டுத் துகள்’ என்கிறேன். சொற்கள் சேரும்போது ‘கூடு’ என்பது ‘கூட்டு’ எனத் திரிவதால் ‘கூட்டு மருந்து’ என்ற பொருள் தொனிக்குமோ என்ற ஐயம் எஞ்சியிருக்கிறது; புதுச்சேரி நண்பர்கள் இதைப் பெற்றோர் சிலரிடம் படிக்கக் கொடுத்துப் பார்த்து எழுத வேண்டுகிறேன்.