விண்டோஸ் 7: இரண்டு முறை ஃபார்மட் செய்தும் காலையில் எந்தத் தளமும் திறக்கவில்லை

கடைப்பையன்:
அப்பாவின் ஜெராக்ஸ் கடையில் இருக்கும் கணினி இது. 2010-இல் வாங்கியது, டூயல் கோர், 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7. புதுசு வாங்கு என்று தயவுசெய்து யாரும் ஆரம்பிக்காதீர்கள். இத்தனை வருடத்துக் கல்யாணப் பத்திரிகை, காதணி விழா நோட்டீஸ் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பழைய தமிழ் எழுத்துருவில் அதன் டி டிரைவில்தான் கிடக்கின்றன, வேறு கணினியில் திறந்தால் கொக்கி கொக்கியாக வருகிறது.

பிரச்சினை இதுதான். காலையில் நான் கடை திறந்து கணினியைப் போட்டால் குரோமில் ஒரு தளமும் வராது, சிவப்பாக ஏதோ படம், கீழே கிளாக் அது இதென்று ஆங்கிலத்தில் நாலு வரி. மதியம் அப்பா வந்து உட்கார்ந்தால் எல்லாம் வேலை செய்கிறது! வைரஸ் என்று சொல்லி ஒருவர் இரண்டு முறை ஃபார்மட் செய்தார், தடவைக்கு 500 ரூபாய். ஆன்டிவைரஸும் போட்டாயிற்று, அது தன் பங்குக்கு லைசென்ஸ் செல்லாது என்கிறது. போன வியாழன் இரவு மெயினை அணைக்காமலே கடையைச் சாத்திவிட்டோம், வெள்ளி காலை மட்டும் அதிசயமாக எல்லாம் ஒழுங்காக வந்தது. தலை சுற்றுகிறது.

லினக்ஸ்_பித்தன்:
விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போடுங்க தலைவா, பிரச்சினையே இருக்காது.

கடைப்பையன்:
பேஜ்மேக்கர் என்று எழுதியிருக்கிறேனே, படித்தீர்களா?

பழைய_மதர்போர்டு:
தம்பி, அந்த நாலு வரியை நீ படித்திருந்தால் 1000 ரூபாய் மிச்சம். கிளாக் என்று கணினியே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறது. நாளைக் காலை போட்டவுடன் வலது மூலையில் என்ன தேதி இருக்கிறது என்று பார். 2009 அல்லது 2010 ஜனவரி என்று இருக்கும்.

மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி ஒரு செல் இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். உன்னுடையது செத்துப்போய்விட்டது. மெயின் ஆனில் இருந்தால் கணினியை ஷட்டவுன் செய்த பிறகும் பவர் சப்ளை பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கொஞ்சம் மின்சாரம் போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும், கடிகாரமும் ஓடும், அதனால்தான் வெள்ளிக்கிழமை பிழைத்தது. மெயினை அணைத்தால் பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருள், தன் ஆரம்பத் தேதிக்குப் போய்விடும். ஒவ்வொரு தளமும் தான் போலி இல்லை என்று குரோமுக்குக் காட்டும் சான்றிதழிலும் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை செல்லும் என்று இருக்கிறது, 2009-இல் உட்கார்ந்திருக்கும் கணினிக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. ஆன்டிவைரஸ் லைசென்ஸும் இதே கதைதான். இதை ஃபார்மட் செய்து எப்படிச் சரிசெய்வது? பத்து முறை செய்தாலும் இப்படித்தான் இருக்கும்.

மதியம் சரியாகும் ரகசியத்தை அப்பாவிடம் கேள்.

கடைப்பையன்:
அண்ணே, 01-01-2009!! அப்பாவிடம் கேட்டேன், "அது தினமும் மாறும்டா, பில்லில் தேதி தப்பா வருதுன்னு நான்தான் திருத்திடுவேன்" என்கிறார். ஒரு வருடமாகச் செய்கிறாராம், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் ஒரு சந்தேகம், இணையத்தோடு நேரம் சரிபார்க்கும் வசதி ஆனில்தானே இருக்கிறது, அது ஏன் திருத்தவில்லை?

செல்வி_க:
அது விண்டோஸ் 7-இல் சாதாரணமாக வாரம் ஒரு முறைதான் பார்க்கும். அதோடு வீட்டுக் கணினிகளில் 15 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தானாகக் கை வைக்காது. உங்களுடையது வருடக் கணக்கில் பின்தங்கியிருக்கிறது.

செல் வாட்ச் கடையிலேயே கிடைக்கும். மாற்றும்போது பவர் கேபிளைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள், கூட்டல் குறி மேலே இருக்கட்டும், பக்கத்தில் உள்ள கொக்கியை லேசாகத் தள்ளினால் பழையது தானே எழும்பும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்ப வேண்டாம், ஒருமுறை அப்படி நெம்பிக் கொக்கியை உடைத்து, பிறகு டேப் ஒட்டி ஓட்டிய அனுபவம் எனக்கு உண்டு.

கடைப்பையன்:
செல் மாற்றினேன், 40 ரூபாய். பயாஸில் நேரம் வைக்கப் போன இடத்தில் சாட்டா என்பதில் ஐடிஇ என்று இருந்தது, ஏஹெச்சிஐ என்று மாற்றினால் வேகம் கூடும் என்று ஏதோ வீடியோவில் பார்த்த ஞாபகம், மாற்றினேன். இப்போது விண்டோஸ் லோகோ வந்தவுடன் நீலத் திரை, ரீஸ்டார்ட், மறுபடி நீலத் திரை. கடைசியில் 7பி என்று ஒரு எண். அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

பழைய_மதர்போர்டு:
சும்மா இருந்த சங்கு. பயப்படாதே, எதுவும் போகவில்லை. பயாஸுக்குப் போய் அதைத் திரும்ப ஐடிஇ ஆக்கு, எஃப்10 அழுத்திச் சேமி, ஏறிவிடும். இரண்டும் போர்டு டிஸ்க்கோடு பேசும் இரண்டு முறைகள், ஐடிஇ-யில் போட்ட விண்டோஸ் 7 ஏஹெச்சிஐ டிரைவரைத் தொடக்கத்தில் ஏற்றாது, அதனால் தன் டிஸ்க்கையே அதற்கு அடையாளம் தெரியாமல் போகிறது. 7பி என்றால் அதுதான். மாற்றியே ஆக வேண்டுமென்றால் முதலில் விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் சர்வீசஸ் பகுதியில் எம்எஸ்ஏஹெச்சிஐ என்பதன் ஸ்டார்ட் மதிப்பைப் பூஜ்யமாக்கிவிட்டு அப்புறம் பயாஸில் மாற்ற வேண்டும். ஆனால் பழைய ஹார்ட் டிஸ்க்கில் கடை வேலைக்கு அதனால் பெரிய வித்தியாசம் தெரியாது, விட்டுவிடு.

கடைப்பையன்:
ஏறிவிட்டது! மெயினை அணைத்துவிட்டு மூன்று நாள் பார்த்தேன், தேதி அசையவில்லை. ஒன்றிரண்டு தளங்கள் மட்டும் இன்னும் தகராறு.

செல்வி_க:
விண்டோஸ் 7-க்கு குரோம் 109-ஓடு நின்றுவிட்டது, அது 2023 ஜனவரியில் வந்தது. ஃபயர்ஃபாக்ஸின் நீண்ட கால ஆதரவுப் பதிப்பான 115 இஎஸ்ஆர் போட்டுப் பாருங்கள், அது சான்றிதழ்களுக்கு விண்டோஸைக் கேட்காமல் தன்னுடைய பட்டியலையே வைத்திருக்கும். வங்கிக் கணக்கு வேலையை மட்டும் இந்தக் கணினியில் வைத்துக்கொள்ள வேண்டாம், விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே கையை விரித்துவிட்டது.

அந்தக் கொக்கி எழுத்துக்கு: டி டிரைவை வெளி டிஸ்க்கில் எடுக்கும்போது சி டிரைவில் விண்டோஸுக்குள் ஃபான்ட்ஸ் என்று இருக்கும் ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள். அந்தப் பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் எழுத்தின் வடிவம் உட்கார்ந்திருக்கும், அதே எழுத்துரு மற்ற கணினியிலும் இருந்தால்தான் பத்திரிகை பத்திரிகையாகத் தெரியும்.

கடைப்பையன்:
இன்று இரவே எடுக்கிறேன் அக்கா. அப்பா இன்றைக்கும் பழக்கதோஷத்தில் தேதியைத் திறந்து பார்த்தார், சரியாக இருக்கவே கணினியில் ஏதோ கோளாறு என்கிறார்.