நடால் போனபிறகு டென்னிஸை எங்கிருந்து ஆரம்பிப்பது? (சேலத்திலிருந்து ஒரு கேள்வி)

வெள்ளிப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை:

வணக்கம். கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன், வயது 49. டென்னிஸ் மட்டையைக் கையில் பிடித்ததே கிடையாது. 2005லிருந்து ஸ்பெயின்காரர் நடால் ஆடினால் பார்ப்பேன், எனக்குத் தெரிந்த டென்னிஸ் அவ்வளவுதான். அவர் இல்லாத ஆட்டத்தில் யார் ஜெயித்தாலும் பக்கத்துத் தெருக் கல்யாணம் மாதிரி, மேளச் சத்தம் மட்டும் காதில் விழும்.

2008 ஜனவரியில் அவர் சென்னை ஓப்பன் ஆட வந்தபோது ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்துக்கு ஒரு டிக்கெட் கிடைத்தது. சனிக்கிழமை ராத்திரி ஜங்ஷனில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினேன். பையில் ஒரு மாற்றுச் சட்டை, ஒரு பாக்கெட் தட்டுவடை. முந்தின நாள் அரையிறுதியில் மோயாவோடு கிட்டத்தட்ட நாலு மணி நேரம், மூன்று செட்டும் 6-6 என்று சமமாகி டை-பிரேக் வரை போய் ஜெயித்திருக்கிறார் என்பதே சென்னையில் இறங்கிப் பேப்பர் வாங்கித்தான் தெரிந்தது. நுங்கம்பாக்கத்தில் போய் உட்கார்ந்தால் மனிதருக்குக் கால் நகரவில்லை. யூஷ்னி 6-0, 6-1 என்று முடித்துவிட்டார். ஆக, ராத்திரி முழுக்க ரயிலில் போய் நான் நேரில் கண்டது நடால் ஜெயித்த ஒரே ஒரு கேம். அதற்கு மட்டும் கை வலிக்கத் தட்டினேன்.

2024 நவம்பரில் மலகாவில் அவர் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார். 2025 முழுக்க நான் உருப்படியாக ஒன்றும் பார்க்கவில்லை. இப்போது, 2026 ஜனவரியில், வெள்ளி கிலோ இரண்டு லட்சத்தைத் தாண்டி நிற்கிறது. ஆர்டர் குறைந்து, மத்தியானத்துக்கு மேல் பட்டறையில் சுத்தியல் சத்தமே இல்லை. “நாள் பூரா வெள்ளி ரேட்டையே பார்த்துட்டு இருக்காதீங்கப்பா, டென்னிஸ் பாருங்க” என்கிறாள் மகள். சரி, புது சீசன் தொடங்குகிறது, பார்க்கலாம் என்றுதான் இங்கே வந்தேன்.

யாரைப் பார்ப்பது? எந்த நேரத்தில் பார்ப்பது? அப்புறம் அந்த ரேங்கிங் கணக்கு. ஒருவர் ஜெயித்துக்கொண்டே இருக்கும்போது இடம் இறங்குகிறாரே, அது எப்படி?

அடிவாரம் தம்பி:

அண்ணே, அல்கராஸ். யோசிக்கவே வேண்டாம். 2024, 2025 இரண்டு வருஷத்தில் நடந்த எட்டு கிராண்ட் ஸ்லாமையும் (வருஷத்துக்கு நாலு பெரிய போட்டி: மெல்போர்ன், பாரீஸ், விம்பிள்டன், நியூயார்க்) அவரும் இத்தாலிக்காரர் சின்னரும் ஆளுக்கு நாலாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். 2025 முடிய அல்கராஸுக்கு மெல்போர்ன் கோப்பை மட்டும்தான் பாக்கி. அதற்குள் போன மாதம் பயிற்சியாளர் ஃபெரேரோவை விட்டு வேறு பிரிந்துவிட்டார். ஸ்பெயின்காரர் வேண்டும் என்றால் இவரைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

மிளகுக்கொடி, ஏற்காடு:

பட்டறை அண்ணாச்சிக்கு வணக்கம். நான் இங்கே ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். 1997இல் சென்னைக்கு ஆண்களுக்கான ஏடிபி போட்டி வந்த வருஷத்திலிருந்து டென்னிஸ் பார்க்கிறேன்.

முதலில் நேரக் கணக்கு, அது சுலபம். ஜனவரியில் மெல்போர்ன் நமக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை 11 மணி ஆட்டம் நமக்கு விடியற்காலை ஐந்தரை. நான் வருகைப் பதிவேடான செக்ரோலில் பேர் எழுதி ஆட்களைப் பழம் பறிக்க அனுப்புவதற்குள் ஒரு செட்டாவது முடிந்திருக்கும். அங்கே இரவு 7 மணி ஆட்டம் நமக்கு மத்தியானம் ஒன்றரை, உங்கள் பட்டறைக்குத் தோதான நேரம். பாரீஸ் பகல் இரண்டரைக்குத் தொடங்கும். விம்பிள்டனில் வெளி மைதானங்கள் மூன்றரைக்கு, சென்டர் கோர்ட் மாலை ஆறுக்கு. நியூயார்க்தான் உடம்பைக் கெடுக்கும். அங்கே இரவு ஆட்டம் என்றால் நமக்கு விடிகாலை நாலரை.

ரேங்கிங் ஒரு 52 வாரக் கணக்கு. போன வருஷம் இதே போட்டியில் வாங்கிய பாயிண்ட் இந்த வருஷம் கழிந்துவிடும், புதிதாக வாங்குவது ஏறும். சின்னர் போன வருஷம் மெல்போர்னில் கோப்பை எடுத்தார், 2000 பாயிண்ட். இந்த முறை மறுபடி ஜெயித்தாலும் கணக்கு அப்படியேதான் நிற்கும், இறுதியில் தோற்றால் 700 போய்விடும். அல்கராஸ் அங்கே காலிறுதியில் ஜோகோவிச்சிடம் தோற்று 400தான் வாங்கினார், அவருக்கு இழக்க அதிகமில்லை. ஆனால் மார்ச், ஏப்ரலில் கதை திரும்பும். சின்னர் போன பிப்ரவரியிலிருந்து மே தொடக்கம் வரை தடையில் இருந்ததால் இண்டியன் வெல்ஸ், மயாமி, மான்டே கார்லோ போட்டிகள் எதுவும் ஆடவில்லை. அவருக்குக் கழிய ஒன்றும் கிடையாது, வாங்குவதெல்லாம் லாபம். அல்கராஸோ மான்டே கார்லோவை ஜெயித்தவர். முதலிடம் யாருக்கு என்பதை நான் ஜனவரியில் பார்க்க மாட்டேன், அப்போதுதான் பார்ப்பேன்.

இனி யாரைப் பார்ப்பது என்ற கேள்வி. இங்கே தம்பியோடு எனக்கு ஒத்துப்போகாது. பெரிய ஆட்டக்காரரை மட்டும் பிடித்துக்கொண்டால் வருஷத்தில் பத்துப் பதினைந்து ராத்திரிதான் டென்னிஸ். அவர் போய்விட்டால் உங்களுக்கு இப்போது ஆன கதிதான். எண்பதாவது, நூறாவது, இருநூறாவது இடத்தில் இருக்கும் ஒருவரைப் பிடியுங்கள். வருஷம் பூராவும் வேலை இருக்கும்.

நான் நம்ம நாட்டு சுமித் நாகலைப் பிடித்தேன். 2023இல் தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று சொன்னவர். 2024 ஜனவரியில் மெல்போர்ன் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் ஜெயித்து உள்ளே வந்தார். அந்தத் தகுதிச் சுற்றை யாரும் காட்டுவதில்லை. நான் செல்போனில் புள்ளிக் கணக்கு மட்டும் மாறுவதைப் பார்த்துக்கொண்டு, காப்பிக் களத்தில் நின்றிருந்தேன். 30-40 என்று வரும், அரை நிமிஷம் அப்படியே நிற்கும், அப்புறம் ‘டியூஸ்’, அதாவது 40-40 சமம், என்று மாறும். அந்த அரை நிமிஷத்தில் என்ன நடந்தது என்று மனசுக்குள்ளேயே ஆடிப் பார்க்க வேண்டியதுதான். முதல் சுற்றில், அந்தப் போட்டியில் 31ஆம் தரநிலை (சீட்) பெற்ற பப்ளிக்கை ஒரு செட்கூட விடாமல் நேர் செட்களில் அடித்தார். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் தரநிலை பெற்ற ஒருவரை இந்தியர் ஜெயித்தது 1989க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அப்போது ஜெயித்தவர் நம்ம ரமேஷ் கிருஷ்ணன். அடுத்த மாதமே சென்னை சேலஞ்சர் என்ற அடுத்த மட்டப் போட்டியை ஜெயித்து ரேங்கிங்கில் நூறுக்குள் நுழைந்தார் நாகல். அல்கராஸ் கோப்பை எடுத்ததுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் தரவில்லை.

பெரிய ஆட்டத்தைப் பார்க்காமலும் இல்லை. போன ஜூனில் பாரீஸ் இறுதி ஆட்டம். நாலாவது செட், அல்கராஸ் 3-5, சர்வீஸ் அவருடையது, 0-40. சின்னருக்குக் கோப்பைக்கு மூன்று வாய்ப்பு. இங்கே காற்றும் மழையும். டக்கென்று கரண்ட் போனது, கூடவே செல்போன் சிக்னலும் போனது. அரை மணி நேரம் மெழுகுவத்தியோடு உட்கார்ந்துவிட்டு, சின்னர்தான் என்று முடிவு கட்டிப் படுத்துவிட்டேன். மறுநாள் ஒண்டிக்கடையில் டீ குடிக்கும்போது, டவுனுக்குப் போய் வந்த டிரைவர் சொல்கிறார்: “அல்கராஸு ஜெயிச்சுட்டாராமே சார், அஞ்சரை மணி நேரமாம்ல.” டீ கையிலேயே ஆறிப்போனது.

வாத்தியாரம்மா, சூரமங்கலம்:

இவ்வளவு நீளமாக எழுதிவிட்டுப் பெண்கள் ஆட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, ரைட்டர் தம்பி! போன வருஷம் நாலு ஸ்லாமுக்கும் நாலு பேர்: கீஸ், காஃப், ஸ்வியாடெக், சபலென்கா. யார் ஜெயிப்பார் என்று தெரியாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்றால் அங்கே வாருங்கள்.

வெள்ளிப்பட்டறை அண்ணனுக்கு அமெரிக்கப் பெண் அனிசிமோவா. நீங்கள் பார்த்த அந்த 6-0, 6-1ஐவிட மோசமாக வாங்கினார். விம்பிள்டன் இறுதியில் ஸ்வியாடெக்கிடம் 6-0, 6-0, வெறும் 57 நிமிஷம். எனக்குப் பாலைப் பொங்க விடாமல் இறக்கக்கூட நேரமில்லை. அதே அனிசிமோவா இரண்டு மாதத்துக்குள் நியூயார்க்கில் அதே ஸ்வியாடெக்கைக் காலிறுதியில் நேர் செட்களில் தோற்கடித்து இறுதி வரை போனார். அந்தப் பெண் என்ன சாப்பிட்டு எழுந்தாளோ தெரியவில்லை. இந்த வருஷம் நான் அவள் பக்கம்.

இன்னொன்று. உங்களுக்கு நடாலை விட மனசில்லை என்றால், கோயம்புத்தூர்ப் பெண் மாயா ராஜேஸ்வரனைக் கவனியுங்கள். போன பிப்ரவரியில் பதினைந்து வயதில், மும்பையில் நடந்த பெண்களுக்கான டபிள்யூடிஏ 125 போட்டியில் தகுதிச் சுற்றிலிருந்து வந்து அரையிறுதி வரை போனாள். பயிற்சி எடுப்பது மயோர்காவில், உங்கள் நடாலின் அகாடமியில்தான்.

வெள்ளிப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை:

எல்லோருக்கும் நன்றி. ரைட்டர் சார் சொன்ன நேரத்தையெல்லாம் பட்டறைத் தினசரி காலண்டரின் பின்னட்டையில் எழுதி, எடைத் தராசுக்கு மேலே மாட்டிவிட்டேன். வேலை செய்யும் பையன்கள் அது வெள்ளி ரேட் என்று நினைத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இங்கே கிரிக்கெட் என்றால் சின்னப்பம்பட்டி நடராஜனின் யார்க்கர்தான் பேச்சு, டென்னிஸ் பற்றிப் பேச ஆள் கிடையாது.

மாயா விஷயம் எனக்குத் தெரியாதே! மகளிடம் சொன்னேன், “நாலு வருஷமா அந்த அகாடமி வீடியோவைத்தான் பார்க்கறீங்க, இது தெரியாதா?” என்கிறாள். மாயாவைத்தான் பிடித்துக்கொள்ளப் போகிறேன். அல்கராஸைத் திட்டவில்லை தம்பி, அவரையும் பார்ப்பேன். மெல்போர்ன் 18ஆம் தேதி தொடங்குகிறது, காணும் பொங்கலுக்கு மறுநாள். வீட்டில் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். காலை ஐந்தரைக்கு டிவி போட்டால் என்ன ஆகும் என்று தெரியவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். நேரில் பார்க்க இனி வழியே இல்லையா? சென்னையில்தான் 2017க்குப் பிறகு அந்தப் பெரிய போட்டி இல்லையே.

மிளகுக்கொடி, ஏற்காடு:

இருக்கிறது அண்ணாச்சி. பிப்ரவரி 7, 8 பெங்களூரில் டேவிஸ் கோப்பை, நாட்டுக்கு நாடு மோதும் போட்டி, நெதர்லாந்து வருகிறது. போன செப்டம்பரில் ஸ்விட்சர்லாந்துக்கே போய் இந்தியா ஜெயித்தது. ஐரோப்பிய அணியை அவர்கள் மண்ணில் ஜெயித்தது 1993க்குப் பிறகு அப்போதுதான். முதல் ஆட்டத்தில் மதுரைக்காரர் தட்சிணேஸ்வர் சுரேஷை இறக்கினார்கள். அறிமுக ஆட்டத்திலேயே ஜெயித்துக் கொடுத்தார். நல்ல உயரம், சர்வீஸைப் பார்க்கவே போகலாம். சேலத்திலிருந்து பெங்களூருக்கு பஸ்ஸில் நாலு மணி நேரம்தான். எனக்குக் காப்பிப் பறிப்பு முடிகிற சமயம், வர முடியுமா பார்க்கிறேன்.

வெள்ளிப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை:

ரைட்டர் சார், நீங்கள் வராவிட்டாலும் நான் போகிறேன், மகளும் வருகிறாள். தட்டுவடை இரண்டு பாக்கெட். ஆனால் இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் டிக்கெட் எடுப்பதாக இல்லை, சனிக்கிழமையே போய் உட்கார்ந்துவிடுவோம்.