மண்தடைகட்டு: உலோகங்காட்டியின் ஒரு செயலுக்குப் பெயர் வேண்டி

அன்புடையீர், வணக்கம். நம் கலைச்சொல் வரைவுப் பட்டியலில் உள்ள ‘கிரவுண்ட் பேலன்ஸ்’ என்ற செயலுக்கு, அதாவது மண் எழுப்பும் பொய்யொலியைக் கருவி கணக்கில் கொள்ளாதபடி சரிசெய்வதற்கு, ஒரு பெயரை முன்மொழிய இதை எழுதுகிறேன்.

மெட்டல் டிடெக்டர் என்னும் கருவிக்கு ‘உலோகங்காட்டி’ என்ற சொல்லைக் கொள்வதில் நம்மிடையே பெரிய மாறுபாடு இல்லை. திசைகாட்டி, வழிகாட்டி வரிசையில் அது இயல்பாக வந்து அமர்கிறது. முன்மொழியப்பட்ட மற்றொரு சொல்லான ‘புதையல் காணி’யை மட்டும் ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். புதையல் என்பது சட்டத்தில் வரையறை பெற்ற சொல். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுள் மறைந்து கிடந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையதானால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமோ நூறாண்டு நிறைந்த நாணயத்தைத் தொல்பொருள் என்கிறது. நீலகிரியின் முதல் ஆணையராக இருந்த பிரீக்ஸ் இம்மலையின் பழங்கால ஈமக் கற்குவைகளைத் தோண்டி எடுத்த வெண்கலக் கிண்ணங்களும் விலங்குருவ மூடிகளும் சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. எஞ்சிய குவைகள் இன்னும் மலையில்தான் இருக்கின்றன. கருவியின் பெயரே புதையல் ஆசையை ஊட்டினால் அவற்றுக்குத்தான் கேடு.

என் கவலை வேறொரு சொல்லைப் பற்றியது. ‘கிரவுண்ட் பேலன்ஸ்’ என்ற செயலுக்கு ‘நிலச் சமன்’, ‘தரைச் சமநிலை’ என்ற இரண்டு சொற்கள் வரைவுப் பட்டியலில் உள்ளன. மலைச்சரிவில் வாழும் எங்களுக்கு நிலத்தைச் சமன் செய்வது என்றால் மண்ணை வெட்டிப் படிக்கட்டாக்கி வீட்டுக்கோ தேயிலைக்கோ தளம் அமைப்பதுதான். கருவியின் கையேட்டில் ‘முதலில் நிலத்தைச் சமன் செய்க’ என்று படிக்கும் கோத்தகிரிக்காரர் மண்வெட்டியைத்தான் தேடுவார்.

அந்தச் செயல் உண்மையில் என்ன என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கருவியின் அனுப்பு சுருள் மாறுகின்ற காந்தப்புலத்தை மண்ணுக்குள் செலுத்துகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழுந்து, அது உண்டாக்கும் மறுபுலத்தை ஏற்புச் சுருள் உணர்கிறது. ஆனால் எங்கள் செம்மண்ணில் இரும்பு ஆக்சைடுகள் மிகுதி. அவற்றுள் காந்தத் தன்மை மிக்கவை தாமும் மறுமொழி தருவதால், காசு ஒன்றும் இல்லாத இடத்திலும் கருவி ஓயாமல் முனகும். உலோகத்தின் மறுமொழியும் மண்ணின் மறுமொழியும் வேறுவேறு கட்டங்களில் (அலையின் ஏற்ற இறக்கம் சற்று முன்பின்னாக) வருகின்றன என்பதே நமக்குக் கிடைத்த வழி: மண்ணின் கட்டம் எதுவென்று கருவிக்குக் காட்டி, அதை மட்டும் கணக்கிலிருந்து கழித்துவிடச் செய்கிறோம். மண் அங்கேயே இருக்கிறது, அதன் மறுமொழியும் வந்துகொண்டே இருக்கிறது. கணக்கில் மட்டும் சேர்வதில்லை. ஆகவே ‘மண் நீக்கல்’ என்பதும் பொருந்தாது.

இதற்கு நான் முன்மொழியும் சொல் ‘மண்தடைகட்டு’. இது நான் புனைந்தது அன்று. கோத்தகிரிக்கு அருகே தம் குடும்பத்துக்குப் பட்டா உள்ள நிலத்தில் என்னோடு காசு தேட வரும் நண்பர் மளிகைக் கடையில் வளர்ந்தவர். கருவியைக் கையில் எடுத்ததும், “அண்ணா, முதல்ல இந்த மண்ணுக்குத் தடை கட்டிக்குவோம்” என்றார். எண்ணெய் வாங்க வந்தவரின் பாத்திரத்தைத் தராசில் வைத்து, எதிர்த்தட்டில் அதற்கு ஈடான கல்லை இட்டு, பாத்திரத்தின் எடை கணக்கில் சேராதபடி செய்வதைத் தடை கட்டுதல் என்று கடைத்தெருவில் சொல்வோம். பாத்திரம் தட்டில்தான் இருக்கிறது, எடையில் மட்டும் இல்லை. கருவி மண்ணுக்குச் செய்வதும் இதுவே.

பாத்திரம் மாறினால் மீண்டும் தடை கட்ட வேண்டும் என்ற அறிவும் இச்சொல்லுக்குள்ளேயே இருப்பது இதன் சிறப்பு. அந்த நிலத்தில் இடிந்துபோன ஒரு லைன் வீட்டின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின்) அடுப்படி இருக்கிறது. தேயிலைச் செடிகளுக்கிடையே அமைதியாக இருந்த கருவி அந்த இடத்தில் சுருளைத் தாழ்த்தியதும் கத்தத் தொடங்கியது. நெருப்பில் சுட்ட மண்ணில் காந்தத் தன்மை மிகுந்த மாகிமைட் என்ற இரும்பு ஆக்சைடு உண்டாவதே காரணம். உலோகம் இல்லாத ஒரு சாண் இடத்தில் சுருளை மேலும் கீழும் அசைத்து, ஒலி ஏறாமலும் இறங்காமலும் நிற்கும்வரை குமிழைத் திருகிப் புதிதாகத் தடை கட்டினோம். அதன் பிறகுதான் ஓர் ஓட்டைக் காலணா தன் குரலில் பேசியது. நடுத் துளையில் செம்மண் இறுகி அடைத்திருந்தது; விரலால் தேய்த்தபோது மகுடமும் 1944 என்ற ஆண்டும் தெரிந்தன.

துணைச் சொற்களும் தாமே கிளைக்கின்றன. சுருளைத் தாழ்த்தும்போது ஒலி உயர்ந்தால் மண் முழுதும் கழியவில்லை, அது தடைக்குறை. தாழ்த்தும்போது ஒலி அமுங்கித் தூக்கும்போது உயர்ந்தால் வேண்டியதற்கு மேல் கழித்துவிட்டோம், அது தடைமிகை. நடக்க நடக்கக் கருவி தானே மண்ணைப் பின்தொடர்ந்து சரிசெய்துகொள்வதைத் ‘தொடர் தடைகட்டு’ எனலாம்.

எழக்கூடிய மறுப்பு ஒன்று வலுவானது. இயற்பியலில் தடை என்பது ரெசிஸ்டன்ஸ். மண்ணின் மின்தடையை அளக்கும் நிலவியலாளர்கள் ‘மண்தடை’ என்று படித்தால் தம் சொல்லாகவே கொள்வார்கள். அதனால்தான் ‘கட்டு’ என்பதை விடாமல் முழுச் சொல்லாகவே ஆள வேண்டும் என்கிறேன். தடைக்குறை, தடைமிகை இரண்டும் இக்கருவியைப் பற்றிய நூலுக்குள் மட்டுமே வருவன என்பதால் அங்கே குழப்பம் நேராது.

புணர்ச்சி பற்றியும் ஒரு சொல். மட்குடம், மட்பாண்டம் போல இதுவும் முறைப்படி ‘மட்டடை’ என்றே ஆக வேண்டும். ஆனால் அப்படி எழுதினால் படிப்பவருக்கு மண்ணும் தெரியாது, தடையும் தெரியாது. கலைச்சொல் பிரித்தறியக் கூடியதாக இருப்பதே முதன்மை என்பதால் இயல்பாகவே விட்டு ‘மண்தடைகட்டு’ என எழுதலாம் என்பது என் துணிபு. இலக்கணம் அறிந்தோரும் நிலவியல் படித்தோரும் இவ்விரண்டு இடங்களையும் ஆராய்ந்து கருத்துரைக்க வேண்டுகிறேன்.