புதுப்பிப்பு: காசிமேட்டு 25 வாட் விஎச்எஃப் செட், மீட்டரில் 19 வாட்தான் – தீர்ந்தது

25 வாட் தரவேண்டிய படகு ரேடியோ, பவர் மீட்டரில் 19 வாட் மட்டுமே காட்டுவது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன்; யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. அளந்த அமைப்பு: விசைப்படகு செட், சேனல் 16 (156.8 மெகாஹெர்ட்ஸ்), 30 டெசிபெல் அட்டென்யூவேட்டர் (சக்தியை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைப்பது), அடுத்து மீட்டரின் தெர்மோகப்பிள் சென்சார் (சக்தியை வெப்பமாக்கி அளப்பது). 44 டிபிஎம் (1 மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்ட டெசிபெல் அளவு; 44 என்றால் 25 வாட்) வரவேண்டிய இடத்தில் 42.8 (19 வாட்) வந்தது.

மீட்டரை ஜீரோ செய்து, 50 மெகாஹெர்ட்ஸ் 1 மில்லிவாட் ரெஃபரன்ஸில் கலிபரேட் செய்தும் மாற்றமில்லை. இணைப்பு அடாப்டரைக் கழற்றிப் பார்க்கச் சொன்னதுதான் பலித்தது: நடு பின்னில் உப்புக்காற்றில் பச்சைக் களிம்பு. புதியது மாட்டியதும் 43.6.

எதிர்பாராதது மீதி 0.4. சிக்னல் ஜெனரேட்டரை வைத்து அட்டென்யூவேட்டரோடும் இல்லாமலும் அளந்தால், இந்த அதிர்வெண்ணில் அது 30.4 டெசிபெல். மேலே பொறித்த எண்ணை விட்டு, அளந்த மதிப்பையே மீட்டரில் ஆஃப்செட்டாக (கூட்டவேண்டிய திருத்தமாக) கொடுங்கள். இப்போது 44.0, சரியாக 25 வாட்.

20 டெசிபெல் அட்டென்யூவேட்டர் போதுமா என்று கேட்டவருக்கு: போதாது. சென்சாருக்கு 250 மில்லிவாட் போகும். இந்த சென்சாரின் வரம்பு 100 மில்லிவாட், எரிந்துபோகலாம்.